விலக்குரிமை வேண்டாமென்ற டிரைவர்

என் அம்மாவின் தம்பி, சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பதற்காக மாதக்கணக்கில் அலைந்தவர். "ஊர் உலகத்துல எல்லாரும் கோர்ட்டுக்குப் போகாம தப்பிக்க வழி தேடுறாங்க. இந்த மனுஷன் போறதுக்கு வழி தேடுறாரு" என்று அத்தை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் பயமும் இருந்தது. மாமாவுக்கு வண்டி ஓட்டும் வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது.

மாமா ஒரு டிரைவர். பல நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு உண்டாக்கிய ஒரு சர்வதேச நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் வெள்ளை வண்டி ஓட்டுகிறார். உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. அது பாராட்டுப் பெயர் அல்ல. வேகத்தடை வந்தால் அதனிடம் அனுமதி கேட்பதுபோல நின்றுதான் ஏறுவார். தெருவில் கோழி குறுக்கே வந்தால் அது போய்ச் சேரும்வரை காத்திருந்து, "போய்ட்டு வாம்மா" என்று வழியனுப்புவார். அவர் வண்டியில் போகிறேன் என்று யாராவது சொன்னால், "அவசரம்னா நடந்து போயிடு" என்பார் என் அம்மா.

அப்படிப்பட்ட மனிதர் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எடுத்தார். மோதியது யாரோ ஒருவர்மேல் அல்ல, தன் நண்பர்மேல்.

அலுவலகத்தின் பின்பக்கச் சந்து பெரிய தெருவில் சேரும் முனையில், நடைபாதை மேல், ஒரு வேப்பமரத்தடியில் சாவிக்காரர் தள்ளுவண்டி வைத்திருந்தார். பூட்டுத் திறப்பது, சாவி வெட்டுவது, பெட்டிக்குக் கொக்கி போடுவது அவர் தொழில். நகராட்சி கொடுத்த இடம் அது. அந்த இடத்தில் நின்றால்தான் இரண்டு தெருவும் அவரைப் பார்க்கும். மாமா ஒருமுறை மேலதிகாரியை வாசலில் நிற்க வைத்துவிட்டு, சாவியை வண்டிக்குள்ளேயே விட்டுக் கதவை அடைத்துவிட்டார். சாவிக்காரர்தான் வந்து ஒரு வளைந்த கம்பியை விட்டுத் திறந்தார். அன்றிலிருந்து இருவரும் 'மச்சான்' போட்டுப் பேசிக்கொள்ளும் சிநேகம். காலையில் மாமா டூட்டியில் ஏறுமுன் இருவரும் ஒன்றாக டீ குடிப்பார்கள். சாவிக்காரரின் மனைவி மாமாவை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று ஒரு அதிகாரியைப் பின்வாசலில் இறக்கிவிட்டு, சந்தில் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. மதிய வெயில், ஆள் நடமாட்டமே இல்லை. மாமா முன்னால் இருந்த சுவரைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பின்னால் பார்க்கவில்லை. ஏன் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. வண்டியின் பின்சக்கரம் நடைபாதை மேல் ஏறித் தள்ளுவண்டியைச் சாய்த்தது. சாவிக்காரர் கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

இதற்குப் பிறகு மாமா செய்ததுதான் தெருவில் யாருக்கும் புரியவில்லை. அவர் இறங்கவில்லை. கதவைப் பூட்டினார், கண்ணாடியை ஏற்றினார், உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அது அவருடைய குணம் அல்ல, அலுவலகம் கற்றுக்கொடுத்த பழக்கம். வேறு ஏதோ ஒரு நாட்டில், விபத்துக்குப் பின் இறங்கிய டிரைவரைக் கூட்டம் அடித்துக் கொன்றுவிட்டதாம். அதனால் எல்லா நாட்டு டிரைவர்களுக்கும் ஒரே விதி: இறங்காதே, வண்டியிலுள்ள வயர்லெஸ் ரேடியோவில் சொல், பாதுகாப்பு அதிகாரி வரும்வரை அசையாதே. வருடா வருடம் இதை மைதானத்தில் நிறுத்தி ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகையில் மாமாதான் எப்போதும் முதல். அன்றும் அப்படியே செய்தார். ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லி ரேடியோவில் கெஞ்சியதும் அவர்தான். ஆனால் ஏற்றிய கண்ணாடிக்கு வெளியே அது யாருக்குக் கேட்கும்?

கூட்டம் கூடுமுன், விழுந்தவரைத் தூக்க இடம் வேண்டும் என்று வழியே போன யாரோ தள்ளுவண்டியைத் தெருவுக்கு இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி வந்து, மாமாவை வண்டியோடு அலுவலகத்துக்குள் கொண்டுபோனார். வாசல் மூடியது. அதன்பிறகு போலீஸ் வந்து விபத்து நடந்த இடத்தைப் படம் வரைந்தபோது தள்ளுவண்டி நடுத்தெருவில் இருந்தது. படத்திலும் அப்படியே வந்தது.

மோதியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. மாமாவை விசாரிக்க அலுவலக வாசலுக்கு வந்த போலீஸ்காரரைக் காவலாளி மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். நகராட்சி போலீஸ் படத்தைப் பார்த்தது. 'தெருவை மறித்து வண்டி வைத்ததால் விபத்து' என்று எழுதி, சாவிக்காரரின் இடத்தை ரத்துசெய்தது. அந்த முனையைச் செல்போன் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். கையும் போய் இடமும் போகிற நிலையில் சாவிக்காரர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். தள்ளுவண்டி நடைபாதை மேல்தான் நின்றது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் மாமா.

மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். சாவிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி, "உக்காருங்க டிரைவர் சார்" என்றார். அந்த 'சார்' மாமாவை வீட்டுக்குத் துரத்திக்கொண்டே வந்தது.

"திட்டியிருந்தாகூடப் பரவால்ல அக்கா" என்றார் என் அம்மாவிடம். "சார்ங்குது."

"போய் நீதிபதிகிட்ட உள்ளதச் சொல்லிட வேண்டியதுதானே. யாரு தடுத்தா?" என்றார் அம்மா.

தடுத்தது ஒரு சட்டம். இதை நான் புரிந்துகொள்ளவே கொஞ்ச நாள் ஆனது. இப்படிப்பட்ட நிறுவனம் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை. ஆனால் ஏதாவது ஒரு நாட்டின் மண்ணில்தான் அது உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்து அரசு நினைத்தபோதெல்லாம் அதன் அலுவலகத்தைச் சோதனை போடலாம், அதன் ஆட்களைக் கைதுசெய்யலாம் என்றால், அந்த அரசு சொல்வதைத்தான் அது கேட்கும். அதனால் நாடுகள் கூடி அதற்கு விலக்குரிமை கொடுத்திருக்கின்றன. அனுமதி இல்லாமல் போலீஸ் உள்ளே நுழைய முடியாது. உள்ளூர் நீதிமன்றம் அதன்மேல் வழக்கு நடத்த முடியாது. அதன் ஊழியர் வேலை நேரத்தில் செய்ததற்கு அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. நல்ல காரணத்துக்காக வந்த ஏற்பாடுதான். ஆனால் அந்தக் காரணம், கை முறிந்த ஒருவருக்கு ஆறுதல் ஆகாது.

மாமா நிர்வாக அதிகாரியிடம் போனார். கண்டிப்பும் நல்ல மனசும் உள்ள அம்மா அவர்.

"எனக்கு அந்த இம்யூனிட்டி வேணாம் மேடம். எழுதிக் குடுத்துடுறேன்."

"அது உங்களோடது இல்லையே. நிறுவனத்தோடது. நீங்க எப்படி வேணாம்னு சொல்ல முடியும்?"

"நான் போட்டிருக்கிற சட்டைய நான் கழட்டக் கூடாதா மேடம்?"

"அது சட்டை இல்ல, யூனிஃபார்ம். கழட்டலாமான்னு குடுத்தவங்களைத்தான் கேக்கணும்."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார். அத்தை, "நம்மளப் பிடிச்சிருக்கிறது நம்மளோடது இல்லைன்னா அது சட்டம் இல்ல, பேய்" என்றார்.

உடன் வேலை செய்யும் டிரைவர் ஒருவர் குறுக்குவழி சொன்னார். டிரைவர் அறையில் நிற்காமல் பேசிக்கொண்டே இருப்பதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். "யோவ் நிதானம், டூட்டில செஞ்சதுக்குத்தான்யா பாதுகாப்பு. சொந்த வேலையா வண்டிய எடுத்துட்டுப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லு. பாதுகாப்பு பறந்துரும். போலீஸே வந்து உன்னைத் தூக்கிட்டுப் போகும்."

"வேலையும் பறந்துரும்."

"அதுவும் பறக்கும்தான்."

மாமா அதை யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "உண்மையச் சொல்றதுக்கு முதல்ல ஒரு பொய் சொல்லணுமா? அப்புறம் நான் சொல்ற உண்மைய எவன் நம்புவான்?" என்று கை கழுவிக்கொண்டு எழுந்தார்.

இதற்கிடையே மாமாவைச் சாட்சி சொல்ல அழைத்து நீதிமன்றத்தின் சம்மன் வந்தது. வந்த விதம்தான் தப்பு. நீதிமன்ற ஊழியர், பூட்டிய வீடுகளில் செய்வதுபோல, அதை அலுவலக இரும்புக் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அலுவலகம் அதைக் கவனமாக உரித்து, பசையோடு உறையில் போட்டு, வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பியது. 'இப்படி ஒட்டப்பட்டதை நாங்கள் பெற்றதாகக் கருத முடியாது' என்று ஒரு வரி. சாவிக்காரரின் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். நாட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே போகும் எதுவும் அமைச்சகம் வழியாகத்தான் போக வேண்டுமாம். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. விசாரணை தள்ளிப்போனது. அடுத்த முறையும் சாட்சி வராவிட்டால் இருக்கிற ஆவணத்தை வைத்தே தீர்ப்பு என்றார் நீதிபதி. இருக்கிற ஆவணம் போலீஸ் படம் ஒன்றுதான்.

வக்கீல் இம்முறை அமைச்சகம் வழியாகச் சரியாக எழுதினார். அதற்குப் பிறகு நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து சட்ட அதிகாரி ஒரு பெண் மாமாவோடு திரையில் பேசினார். நிர்வாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டி ஓட்டும்போது உட்காருவதுபோலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். பிறகு அவரே எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"அவங்க கேட்டாங்க, டூட்டியிலயா இருந்தீங்கன்னு. ஆமான்னேன். தப்பு யார்மேலன்னு கேட்டாங்க. என்மேலன்னேன். அந்தப் பொண்ணு எழுதுறத நிறுத்திட்டு என்னைப் பாத்துச்சு."

"பைத்தியம்னு நெனச்சிருக்கும்" என்றார் அத்தை.

"கேளு. அப்புறம் சொல்லுச்சு. இந்த விலக்கு ஒரு ஆளக் காப்பாத்துறதுக்கு இல்லையாம், நிறுவனத்தோட வேலையக் காப்பாத்துறதுக்காம். அது ஒருத்தருக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்துக்குக் குறுக்க நின்னா, வேலை கெடாம எடுக்க முடியும்னா, தலைவர் அத எடுத்துடலாம். எடுக்கிறது அவங்க உரிமை மட்டும் இல்லையாம். கடமையாம். ஒப்பந்தத்துலயே அப்படித்தான் போட்டிருக்காம்."

அந்த 'கடமை' என்ற சொல்லை மாமா இறுகப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு தினமும் காலையில் நிர்வாக அம்மாவின் அறை வாசலில் நிற்பார். வேறு எதுவும் பேசமாட்டார். "கடமை வந்துச்சா மேடம்?" என்று மட்டும் கேட்பார். அவர் இல்லை என்று தலையாட்டினால், வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். சில நாளில் அலுவலகத்தில் எல்லோரும் அப்படியே கேட்க ஆரம்பித்தார்கள். டீ தாமதமானால்கூட, "என்னப்பா, கடமை வந்துச்சா?"

எனக்கு இதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நாட்டில் ஒருவர் தப்புச் செய்தால் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது, கேட்க நீதிபதி இருக்கிறார். இந்த நிறுவனத்தின் கடமையை நினைவூட்ட யார் இருக்கிறார்கள்? அமைச்சகம் கேட்கலாம். வக்கீல் எழுதலாம். ஆனால் முடிவை நிறுவனம்தான் எடுக்க வேண்டும். தன் காதைத் தானே பிடித்துத் திருகிக்கொள்ள வேண்டும். சர்வதேசச் சட்டம் அதனிடம் 'நீயும் செய்ததற்குப் பொறுப்பு' என்கிறது. 'வெளியார் குறையைத் தீர்க்க ஒரு வழி வை' என்கிறது. ஆனால் கையைப் பிடித்து இழுத்துவர ஆள் இல்லை. உள்ளே இருக்கிற ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் சீக்கிரம் நடக்கும்போல. இங்கே உள்ளே இருந்து கேட்டவர் ஒரு டிரைவர்.

கடமை வந்தது. முழுசாக வரவில்லை. விபத்தன்று தான் பார்த்ததையும் செய்ததையும் மாமா நீதிமன்றத்தில் சொல்லலாம். நிறுவனத்தின் உள்விதிகளைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது. கேட்டால், 'அதற்கு எனக்கு அனுமதி இல்லை' என்று சொல்ல வேண்டும். நிர்வாக அம்மா இதை மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "மீறினா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம். நான் கேட்டது அந்த முனைக்காகத்தான்."

விசாரணை நாளில் அம்மாவும் அத்தையும் நானும் போனோம். சின்ன அறை, சத்தம் போடும் மின்விசிறி, பெஞ்சின் ஒரு ஓரத்தில் சாவிக்காரரும் அவர் மனைவியும். கையில் கட்டு இல்லை, ஆனால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். மாமா கூண்டில் ஏறினார். சாவிக்காரரின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார். தள்ளுவண்டி நடைபாதை மேல், மரத்தடியில்தான் நின்றது. நான்தான் பின்னால் பார்க்காமல் எடுத்தேன். அவர்மேல் தப்பில்லை.

நகராட்சி வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர்.

"அவர் உங்க சிநேகிதர்தானே?"

"ஆமாங்க."

"சிநேகிதர் கீழ விழுந்து கிடக்கிறார். நீங்க என்ன செஞ்சீங்க?"

"வண்டியிலயே இருந்தேன்."

"கண்ணாடிய ஏத்திக்கிட்டு."

"ஆமாங்க."

"ஏன் இறங்கல?"

மாமா திரும்பிப் பார்த்தார். நிர்வாக அம்மா பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

நகராட்சி வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கைகளை விரித்தார். "அடிபட்ட சிநேகிதரைப் பார்க்கக்கூட இறங்காத ஆள், இப்ப வந்து அவருக்காகப் பழிய ஏத்துக்கிறார். ஏன் இறங்கலைன்னு கேட்டா வாய் திறக்க மாட்டேங்கிறார். இவர் சாட்சிய எப்படி நம்புறது?"

அத்தை என் கையை அழுத்திப் பிடித்தார். நீதிபதி மாமாவைப் பார்த்து, "வேற ஏதாவது சொல்றீங்களா?" என்றார்.

மாமா மெதுவாக, வண்டி ஓட்டுவதுபோலவே பேசினார்.

"ஏன் இறங்கலைன்னு சொல்லக் கூடாதுங்க. ஆனா இறங்கியிருக்கணும். இறங்காம உக்காந்திருந்ததால வேற எங்கயும் பாக்க முடியல. அவனையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். மரத்து வேர்ல தலை இருந்துச்சு. தள்ளுவண்டி சாஞ்சு நடைபாதையிலதான் கிடந்துச்சு, ஒரு சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டிருந்துச்சு. அப்புறம் மூணு பேரு வந்தாங்க. அதுல ஒருத்தர் கட்டம் போட்ட சட்டை. அவனத் தூக்க இடம் வேணும்னு அந்த வண்டியத் தெருவுக்கு இழுத்தாங்க. அத முழுசாப் பாத்தது நான் ஒருத்தன்தான். இறங்கியிருந்தா அவன் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். இதப் பாத்திருக்க மாட்டேன்."

நீதிபதி போலீஸ் படத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் எத்தனை மணிக்கு வரையப்பட்டது, அதற்குமுன் ஆம்புலன்ஸ் வந்து போய்விட்டதா என்று காவல் நிலையத்திலிருந்து வந்தவரிடம் கேட்டார். போய்விட்டது என்றார் அவர். தள்ளுவண்டியை யாராவது நகர்த்தினார்களா என்று விசாரித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். நகராட்சியின் உத்தரவை நீதிபதி அன்றே ரத்துசெய்தார். முனை சாவிக்காரருக்கே என்றார். கைக்கான இழப்பீட்டை நிறுவனத்தின் வண்டிக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று நிர்வாக அம்மா வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போனார். இறங்காதே என்ற அந்த விதி என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. சட்ட அதிகாரி அதைப் பற்றி மேலே எழுதியிருக்கிறாராம். எழுதினால் மாறுமா என்பது வேறு விஷயம்.

வராந்தாவில் மாமா தூண் ஓரமாக ஒதுங்கி நின்றார். சாவிக்காரர் நேராக அவரிடம் வந்தார்.

"ஆம்புலன்ஸுக்கு யாரு சொன்னது? தெருவுல யாரும் கூப்பிடலையாம். விசாரிச்சேன்."

மாமா பின்னால் திரும்பி நிர்வாக அம்மா போய்விட்டாரா என்று பார்த்தார். "அதையும் சொல்லலாமா கூடாதான்னு தெரியல மச்சான்."

சாவிக்காரர் தலையை ஆட்டினார். "உன் வாய்க்குப் பூட்டுப் போட்டவன் நல்ல தொழில்காரன்யா. எனக்கே திறக்க வரல." பிறகு மனைவியைக் காட்டி, "இவ இன்னும் கோவமாத்தான் இருக்கா. நாளாக நாளாகப் போயிரும்" என்றார்.

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நகர்ந்து போகவில்லை.

மறுநாள் காலையில் தள்ளுவண்டியை நகராட்சிக் கிடங்கிலிருந்து முனைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. சாவிக்காரரின் கைக்கு அந்தப் பலம் இன்னும் வரவில்லை. மாமா டூட்டிக்கு முன்னால் போய் நின்றார். ஒருவர் தள்ள, ஒருவர் வழி காட்ட, தெருவெல்லாம் கடகடவென்று சத்தத்தோடு வண்டி வந்தது. மரத்தடியில் அதைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டும்.

"பாத்து மச்சான், பின்னாடி பாத்து" என்றார் சாவிக்காரர்.

மாமா வண்டியை நிறுத்தினார். சுற்றிப்போய்ப் பின்னால் பார்த்தார். திரும்பி வந்தார். இன்னொரு தடவை போய்ப் பார்த்தார்.

"யோவ், பொழுது போயிரும். ஏத்துய்யா" என்றார் சாவிக்காரர்.